ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல சிகிச்சையைச் சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை பலன் தருகிறது என்று காட்டும் ஆய்வுகள் நிறைய உள்ளன. அவற்றில் பல, பெரிய மருத்துவமனையில், தேர்ந்த உளவியலாளரை வைத்து, கவனமாகப் பொறுக்கி எடுத்த நோயாளிகளிடம் நடந்தவை. காலை ஒன்பது மணிக்கே ஓபி சீட்டோடு கூட்டம் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே சிகிச்சை எடுபடுமா என்பதற்கு அந்த ஆய்வுகளில் பதில் இல்லை. அதை அந்த இடத்திலேயே சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

டேனியல் ஷ்வார்ட்ஸ், ஜோசப் லெலூஷ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1967இலேயே இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டார்கள். ஒரு சிகிச்சை எப்படி, ஏன் வேலை செய்கிறது என்று அறிய நடத்தும் சோதனை ஒரு வகை. நடைமுறையில் இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுக்க நடத்துவது இன்னொரு வகை. இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. மருத்துவ அலுவலர்கள், மனநல சமூகப் பணியாளர்கள், முதுநிலை மாணவர்கள், தொண்டு நிறுவனத்தினர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நோய் என்று பார்த்தால் மனச்சோர்வும் பதற்றமும்தான். மனச்சிதைவு போன்ற தீவிர நோய்களுக்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும். கோவாவிலும் ஜிம்பாப்வேயின் ஹராரேயிலும் நடந்து முடிந்த ஆய்வுகளையே பெரும்பாலும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இப்படி: “ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில், பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 10 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு, வழக்கமான கவனிப்போடு ஆறு அமர்வு பேச்சுச் சிகிச்சையும் கொடுத்தால், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் பேர் ஆறு மாதத்தில் குணமடைந்திருப்பார்களா?”

யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து, எப்போது என்ற ஐந்தும் இதில் வந்துவிட்டன. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள். “மனநலத்தை மேம்படுத்த முடியுமா?” என்பதெல்லாம் ஆய்வுக் கேள்வி ஆகாது, மேடைப் பேச்சுக்குத்தான் ஆகும்.

உங்கள் திட்டம் நடைமுறைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க பிரெசிஸ்-2 என்ற கருவி இருக்கிறது. நோயாளித் தேர்வு, இடம், சிகிச்சை கொடுப்பதில் உள்ள நெகிழ்வு, பின்தொடரும் விதம் என ஒன்பது அம்சங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டுவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே உடன்பாடு இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

படி 2: இப்போது என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள்

பெரும்பாலான திட்ட வரைவுகளில் “வழக்கமான கவனிப்பு” என்பது இரண்டே சொல்லில் முடிந்துவிடும். என் கணக்கில் மொத்த ஆய்வும் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

கோவாவில் நடந்த மானஸ் ஆய்வைப் பாருங்கள். விக்ரம் படேல் தலைமையிலான குழு 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள், 12 தனியார் பொது மருத்துவர்களின் கிளினிக்குகள் என 24 இடங்களை எடுத்துக்கொண்டது. பாதி இடங்களில் மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்களை அமர்த்தினார்கள். 2010இல் முடிவு வெளியானது. அரசு நிலையங்களில், மனநலப் பிரச்சினை உறுதியானவர்களில் ஆலோசகர் இருந்த இடத்தில் 65.9 சதவீதம் பேரும் இல்லாத இடத்தில் 42.5 சதவீதம் பேரும் ஆறு மாதத்தில் குணமடைந்திருந்தார்கள். பெரிய வித்தியாசம். தனியார் கிளினிக்குகளில் அந்த எண்கள் 64.1, 65.9. வித்தியாசமே இல்லை.

ஆலோசகர் இருந்த இடங்களை மட்டும் பாருங்கள். அரசானாலும் தனியாரானாலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான். மாறியது ஒப்பீட்டுக் குழு, அதாவது ஆலோசகர் இல்லாத இடங்கள். தனியார் கிளினிக்குகளில் ஆலோசகர் இல்லாமலேயே அத்தனை பேர் தேறியிருக்கிறார்கள். ஆக, “இந்தச் சிகிச்சை பலன் தருமா?” என்ற கேள்விக்கு, அங்கே ஏற்கெனவே என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது.

அதனால் நோட்டுப் புத்தகத்தோடு ஓபியில் போய் உட்காருங்கள். மருத்துவர் ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்? “தூக்கமே இல்ல சார்”, “உடம்பெல்லாம் வலி”, “நெஞ்சு படபடங்குது” என்று வருபவருக்கு என்ன எழுதுகிறார்? வலி மாத்திரையா, சத்து ஊசியா, தூக்க மாத்திரையா? மருந்தகத்தில் மனச்சோர்வுக்கான மாத்திரை இருப்பில் இருக்கிறதா? மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் எந்தக் கிழமை எங்கே வருகிறார்? இதையெல்லாம் எழுதி வையுங்கள். பிறகு ஆய்வறிக்கையில் ஒப்பீட்டுக் குழுவை விவரிக்க இதுவே கைகொடுக்கும்.

இதில் ஒரு அறச் சிக்கலும் இருக்கிறது. ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டு, ஒப்பீட்டுக் குழுவில் இருக்கிறார் என்பதற்காக அதை மறைக்க முடியாது. கோவாவிலேயே பின்னர் மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையைச் சோதித்த ஹெல்தி ஆக்டிவிட்டி புரோகிராம் ஆய்வில் இரு குழுவினரின் பிஎச்க்யூ-9 மதிப்பெண்ணையும் மருத்துவரிடம் தெரிவித்தார்கள், அவருக்குச் சிகிச்சை வழிகாட்டியும் கொடுத்தார்கள். இதனால் ஒப்பீட்டுக் குழுவின் நிலை கொஞ்சம் உயரும், உங்கள் சிகிச்சையின் பலன் கொஞ்சம் குறைந்து தெரியும். பரவாயில்லை, ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டுக் குழுவே வேண்டாம், முன்னும் பின்னும் அளந்தால் போதாதா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அதே ஹெல்தி ஆக்டிவிட்டி புரோகிராம் ஆய்வில், பேச்சுச் சிகிச்சை பெறாதவர்களிலும் 39 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் அது 64 சதவீதம். மனிதர்கள் மிக மோசமான கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், அதன்பின் பலர் தானாகவே கொஞ்சம் தேறுவார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லையென்றால் அந்த 39க்கும் சேர்த்து நம் சிகிச்சைக்கு மாலை போட்டுவிடுவோம்.

படி 3: அந்த இடம் தாங்கும் சிகிச்சையாகத் தேர்ந்தெடுங்கள்

யார் கொடுப்பார், எத்தனை நிமிடம், எந்த அறையில் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். கோவாவின் ஹெல்தி ஆக்டிவிட்டி புரோகிராமில் 30 முதல் 40 நிமிடம் வீதம் ஆறு முதல் எட்டு அமர்வுகள். உள்ளூரிலேயே ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா குழுவின் “நட்பு பெஞ்ச்” இன்னும் எளிமை: கிளினிக் வளாகத்தில் ஒரு மர பெஞ்ச், அதில் உட்கார்ந்து பேச ஒரு பாட்டி. அறை தேடும் பிரச்சினையே இல்லை. பாட்டிகள் அந்த நகரத்தின் சுகாதாரத் துறையில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள். ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு வழி தேடப் பழக்குவது அவர்கள் முறை.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் உடனே கிராம சுகாதார செவிலியர் மீது கைகாட்டுவார்கள். தாய் சேய் நலம், தடுப்பூசி, ஒரு அடுக்குப் பதிவேடுகள் என்று அவர் தலையில் ஏற்கெனவே ஏராளம். அவரிடமே வாரம் பத்து ஆலோசனை அமர்வுகளையும் ஒப்படைத்தால், நீங்கள் சோதிப்பது அவருடைய பொறுமையைத்தான். தனி ஆலோசகருக்குச் சம்பளம் ஒதுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். ஆய்வு முடிந்தபின் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பார் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

சிகிச்சையைப் படிப்படியாக ஒரு கையேட்டில் எழுதுங்கள். செயலூக்கச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். மனம் சோர்ந்தவர் வழக்கமான வேலைகளை விடுகிறார், விட்டதால் இன்னும் சோர்கிறார். இந்தச் சுழலை உடைப்பதே சிகிச்சை. இரண்டாம் அமர்வில் ஆலோசகர் ஒரு தாளை விரிக்கிறார். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம். “அக்கா, நேத்து காலைல என்ன செஞ்சீங்க? அப்ப மனசு எப்படி இருந்துச்சு?” எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முகப் படம் போதும். முன்பு தினமும் மாலையில் பூக்கட்டியவர் மூன்று மாதமாகப் பூவே வாங்கவில்லை என்பது அந்தத் தாளில் தெரியவரும். அடுத்த வாரத்துக்கான பாடம் அதுதான்: இரண்டு நாள், ஒரு முழம். கையேட்டில் இந்த அளவுக்கு விவரம் இருந்தால்தான் பத்து ஆலோசகர்களும் ஒரே சிகிச்சையைக் கொடுப்பார்கள்.

படி 4: அளவுகோல்

பிஎச்க்யூ-9 போதும். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு, 5க்குக் கீழ் வந்தால் மீண்டதாகக் கொள்வார்கள். தமிழில் இருக்கிறது, கட்டணமும் இல்லை.

பிரச்சினை கேட்கும் விதத்தில் வருகிறது. “சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், கிட்டத்தட்ட தினமும்” என்று வாசித்தால், “அப்பப்ப இருக்கும்மா” என்றுதான் பதில் வரும். நாட்காட்டியைக் காட்டி, “இந்தப் பதினாலு நாள்ல எத்தனை நாள்?” என்று கேளுங்கள். 0 அல்லது 1 நாள் என்றால் 0, 2 முதல் 6 என்றால் 1, 7 முதல் 11 என்றால் 2, 12 முதல் 14 என்றால் 3. எல்லாக் கணக்கெடுப்பாளரும் ஒரே மாதிரி கேட்கும்வரை பயிற்சியை நிறுத்த வேண்டாம். அப்புறம், பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் சுழியம்தான் வரும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். இதற்கு ‘ஆம்’ என்ற சாயலில் பதில் வந்தாலே அன்றே செய்ய வேண்டியவை எழுத்தில் இருக்க வேண்டும்: யார் உடனே பேசுவார், மருத்துவ அலுவலர் எப்போது பார்ப்பார், எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவது, நோயாளியை யார் கூட்டிப்போவார். வீட்டில் பூச்சி மருந்து இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் அதை வெளியேற்றவோ பூட்டி வைக்கவோ குடும்பத்தாரோடு, நோயாளியின் சம்மதத்தோடு, பேசுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416 எல்லாத் தாளிலும் அச்சாகியிருக்கட்டும். இந்த ஏற்பாடு தயாராகாமல் ஒருவரிடம்கூட அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

சிகிச்சை பலன் தந்ததா என்று முடிவு செய்யும் முதன்மை அளவு ஒன்றே ஒன்றுதான். வேலைக்குப் போன நாட்கள், செலவு, மற்ற கேள்வித்தாள்கள் எல்லாம் துணை அளவுகள். மொத்தக் கேள்வி நேரம் அரை மணியைத் தாண்டினால் ஆறாம் மாதம் ஆள் வரமாட்டார்.

படி 5: யாரைச் சேர்ப்பது

நடைமுறைச் சோதனையில் கதவு அகலமாக இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி எல்லாம் இருப்பவர்தான் ஓபிக்கு வருகிறார், அவரை விலக்கிவிட்டு யாருக்காக ஆய்வு? சென்னை உட்பட நான்கு நகரங்களின் நீரிழிவு மருத்துவமனைகளில் 404 பேரோடு நடந்து 2020இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வோடு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது கட்டுக்கடங்காமல் இருக்கும் நீரிழிவு நோயாளிகளையே தேடி எடுத்தது. உடனடி ஆபத்தில் இருப்பவர், மனப்பிறழ்வு அறிகுறி உள்ளவர், புரிந்து சம்மதம் தர முடியாதவர் ஆகியோரை மட்டும் விலக்குங்கள். விலக்குவது ஆய்விலிருந்துதான், அவர்களை அன்றே சிகிச்சைக்கு அனுப்புவதும் உங்கள் பொறுப்பு.

படி 6: குலுக்கல்

யார் சிகிச்சைக் குழு, யார் ஒப்பீட்டுக் குழு என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். ஆளை ஆளாகக் குலுக்குவதா, நிலையம் நிலையமாகக் குலுக்குவதா? சிகிச்சை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கசியுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

பாகிஸ்தானில் ராவல்பிண்டி அருகே கிராமப்புறத்தில், பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வுக்குப் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு அதிஃப் ரஹ்மான் குழு ஒரு ஆய்வு நடத்தியது. ஒரு பணியாளருக்குப் பயிற்சி கொடுத்தபின், “இந்த வீட்டில் கற்றதைப் பயன்படுத்து, அடுத்த வீட்டில் மறந்துவிடு” என்று சொல்ல முடியாது. அதனால் 40 யூனியன் கவுன்சில் (உள்ளாட்சி) பகுதிகளைக் குலுக்கினார்கள். ஹராரேயில் 24 கிளினிக்குகள் குலுக்கப்பட்டன. கோவாவின் ஹெல்தி ஆக்டிவிட்டி புரோகிராமில் சிகிச்சை கொடுத்தவர் தனி ஆலோசகர், மருத்துவர் அல்ல. அதனால் பத்து நிலையங்களில் 495 பேரை ஆள் வாரியாகவே குலுக்க முடிந்தது.

ஆள் வாரிக் குலுக்கலில் அடுத்து யாருக்கு எது விழும் என்பது சேர்ப்பவருக்குத் தெரியவே கூடாது. ஒற்றைப்படை நாள் சிகிச்சை, இரட்டைப்படை நாள் ஒப்பீடு என்பதெல்லாம் குலுக்கல் ஆகாது. “பாவம், இந்தம்மா ரொம்ப அழுறாங்க, நாளைக்கு வரச் சொல்லலாம்” என்று ஒரு செவிலியர் நல்லெண்ணத்தோடு செய்தால் போதும், குழுக்கள் சாய்ந்துவிடும். வெளியாள் ஒருவர் கணினியில் பட்டியல் தயாரித்து, வெளிச்சம் ஊடுருவாத உறைகளில் வரிசை எண் போட்டு ஒட்டித் தரட்டும். அல்லது தொலைபேசியில் கேட்டு அறியும் ஏற்பாடு செய்யுங்கள். பெயரைப் பதிவேட்டில் எழுதிய பிறகே உறையைப் பிரிக்க வேண்டும்.

படி 7: எத்தனை பேர் தேவை

இங்கே புள்ளியியலாளர் கட்டாயம் வேண்டும். ஆனாலும் கணக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒப்பீட்டுக் குழுவில் 40 சதவீதம் பேர் மீள்வார்கள், சிகிச்சைக் குழுவில் 55 சதவீதம் பேர் மீண்டால் பயனுள்ளது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 80 சதவீதக் கண்டுபிடிப்புத் திறன் (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை வரம்பு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) என்றால் குழுவுக்கு 170 பேர் தேவை. பின்தொடரும்போது 15 சதவீதம் பேர் விடுபடுவார்கள் என்றால் குழுவுக்கு 200, மொத்தம் 400. இது ஆள் வாரிக் குலுக்கலுக்கு.

நிலைய வாரியாகக் குலுக்கினால் கணக்கு மாறும். ஒரே நிலையத்துக்கு வருபவர்கள் ஒரே மருத்துவரைப் பார்ப்பவர்கள், ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். நிலையத்துக்கு 20 பேர், ஒப்புமைக் கெழு (ஒரே நிலையத்தார் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) 0.05 என்றால், பெருக்க வேண்டிய எண் 1 + (19 × 0.05), அதாவது 1.95. கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரு குழுவும் சேர்ந்த 340 பேர் 663 ஆவார்கள். 34 நிலையங்கள் வேண்டும், விடுபடுவோரையும் சேர்த்து நிலையத்துக்கு 24 பேரைச் சேர்க்க வேண்டும். நிலையத்துக்கு ஆட்களைக் கூட்டுவதைவிட நிலையங்களைக் கூட்டுவதே இதில் லாபம். நான்கே நிலையங்களைக் கையில் வைத்துக்கொண்டு நிலைய வாரிக் குலுக்கல் நடத்துவது வீண் வேலை.

படி 8: அனுமதிகள்

நெறிமுறைக் குழு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை வழிகாட்டுதல்கள், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டே தொடங்குங்கள். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் அனுமதி வேண்டும், கோப்பு நகர நேரம் எடுக்கும். முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே, மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ தளத்தில் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது. முதன்மை அளவு எது என்பது அங்கே தேதியோடு பதிவாகிவிடும். பின்னால் நாமே மாற்றினாலும் அது வெளியே தெரிந்துவிடும், அதுதான் நல்லது.

சம்மதப் படிவம் பேசுகிற தமிழில் இருக்கட்டும். கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி வேண்டும். “வேண்டாம்னு சொன்னாலும் இங்க மாத்திரை, வைத்தியம் எதுவும் நிக்காது” என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டால் மறுக்க முடியாது என்று நினைப்பவர்கள் அதிகம்.

படி 9: முன்னோட்டம்

இரண்டு நிலையங்களில் சின்னதாக நடத்திப் பாருங்கள். சிகிச்சை பலன் தருகிறதா என்று இதில் பார்க்காதீர்கள், எண்ணிக்கை போதாது. வாரம் எத்தனை பேர் ஆய்வுக்குத் தகுதி பெறுகிறார்கள், எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள், எந்த அமர்வோடு நின்றுவிடுகிறார்கள், அறை கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தடுப்பூசி நாளில் ஆலோசகரின் நாற்காலிகூட மிஞ்சாது என்பதெல்லாம் இப்போது தெரிந்தால் நல்லது.

படி 10: நடத்துவது

ஆலோசகர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேச வேண்டும். கோவாவில் பதிவு செய்த அமர்வுகளைச் சக ஆலோசகர்களே கேட்டு மதிப்பெண் போட்டார்கள். நிபுணர் வந்து திருத்துவார் என்று காத்திருப்பதைவிட இது நீடிக்கும். ஒலிப்பதிவுக்குத் தனிச் சம்மதம் வாங்க மறக்க வேண்டாம்.

நடுவில் மருத்துவ அலுவலர் மாற்றலாகிப் போவார், மாத்திரை தீர்ந்துபோகும், வெள்ளம் வரும். நடைமுறைச் சோதனையில் இவை ஆய்வைக் கெடுக்கும் தடங்கல்கள் அல்ல, ஆய்வின் பகுதிகள். தேதியோடு குறித்து வையுங்கள். வந்த எல்லோரையும், சேராதவரையும், சேராத காரணத்தையும் எழுதும் பதிவேடு முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும். பின்னால் நினைவிலிருந்து எழுத முடியாது.

படி 11: ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பது

மானஸில் ஒரு குழுவில் 85, இன்னொன்றில் 88 சதவீதம் பேரை ஆறாம் மாதத்தில் பார்க்க முடிந்தது. அந்த அளவை எட்டப் பாருங்கள். பல வீடுகளில் கைபேசி கணவரிடமோ மகனிடமோ இருக்கும். அதனால் இரண்டு மூன்று எண்கள், கூப்பிட ஏற்ற நேரம், யாராவது எடுத்தால் என்ன சொல்லலாம் என்பது மூன்றையும் முதல் நாளே கேட்டு எழுதுங்கள். “மனநலத்துலேர்ந்து பேசுறோம்” என்று மகனிடம் சொல்லிவிட்டால் அந்த அம்மா அப்புறம் வரவே மாட்டார். நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் காலையில் வீட்டுக்குப் போய்ப் பயனில்லை. பயணப்படி கொடுங்கள், ஆனால் அதற்காகவே சம்மதிக்கும் அளவுக்கு வேண்டாம்.

அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. நோயாளிக்குத் தெரியும், அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே பேட்டி தொடங்கும் முன், “உங்களுக்கு ஆலோசனை கிடைச்சுதான்னு எங்கிட்ட சொல்லாதீங்க” என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்தவறிச் சொன்னால் அதையும் குறிக்க வேண்டும்.

படி 12: கணக்கும் அறிக்கையும்

குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழுவிலேயே எண்ணுங்கள், ஒரு அமர்வுக்குக்கூட வராதவராக இருந்தாலும். நிலைய வாரியாகக் குலுக்கியிருந்தால் பகுப்பாய்விலும் நிலையத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். விடுபட்டவர்களை எப்படிக் கையாள்வது என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி முடித்துவிடுங்கள். அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் கன்சார்ட் பட்டியலும், நடைமுறைச் சோதனைக்கும் நிலைய வாரிக் குலுக்கலுக்கும் அதற்குள்ள கூடுதல் பகுதிகளும் உண்டு. தற்கொலை முயற்சி, மரணம், உள்நோயாளியாகச் சேர்ந்தது ஆகியவற்றை இரு குழுவுக்கும் எழுத வேண்டும்.

மானஸைப் போல ஒரு வகை இடத்தில் பலன், இன்னொன்றில் இல்லை என்று வந்தால் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுங்கள். சராசரியை மட்டும் சொல்லியிருந்தால் அந்த ஆய்வில் 65.0க்கு எதிராக 52.9 சதவீதம் என்று முடிந்திருக்கும். எந்த இடத்தில் ஆலோசகரை அமர்த்தினால் காசு வீணாகாது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் அனுப்புங்கள். ஒரு நோயாளிக்கு ஆன செலவு, ஆலோசகரின் மாத நேரக் கணக்கு, தேவைப்பட்ட இடம் மூன்றும் அதில் இருக்கட்டும். பணம் ஒதுக்கும் அதிகாரி முதலில் கேட்பது அவற்றைத்தான். சிகிச்சை பலன் தந்ததென்றால், ஒப்பீட்டுக் குழுவில் இன்னும் சோர்ந்திருப்பவர்களைக் கூப்பிட்டு அதே ஆலோசகரிடம் உட்கார வைக்க வேண்டும். அதற்கான இரண்டு மாதச் சம்பளத்தை முதல் பட்ஜெட்டிலேயே தனித் தலைப்பில் ஒதுக்கி வையுங்கள்.